உட்டிகாவில் திருப்பிக் கொடுத்த பதக்கம்

என் அக்கா மகள் ஜூடோ ஆடுகிறாள். சென்ற மாதம் மாவட்டப் போட்டிக்கு அவளை அழைத்துக்கொண்டு போனது நான்தான். காலை ஆறரை மணிக்கே எடை பார்க்கும் வரிசை நீண்டுவிட்டது. எடை கூடிவிடுமோ என்று இரவு சாப்பிடாமல் படுத்த பிள்ளைகள் வாடிய முகத்தோடு நின்றார்கள். சுவரில் இரண்டு தாள்களை ஒட்டியிருந்தார்கள். ஒன்றில் 'ஆண்கள்' என்றும் இன்னொன்றில் 'பெண்கள்' என்றும் எழுதி, கீழே எடைப் பிரிவுகளைப் போட்டிருந்தார்கள். அவள் நேராகப் போய்ப் பெண்கள் வரிசையில் நின்றுகொண்டாள். தாளை ஏறிட்டும் பார்க்கவில்லை. எனக்கோ அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அப்படியொரு தாள் ஜூடோவில் வருவதற்கு ஒரு பெண் தன் வீட்டை அடமானம் வைக்க வேண்டியிருந்தது. அவர் பெயர் ரஸ்டி கனோகோகி. ஊர் திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவள் பாதியில் தூங்கிவிட்டாள். அதனால் முழுவதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ரஸ்டியின் இயற்பெயர் ரீனா கிளிக்மன். 1935 ஜூலை 30 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். வளர்ந்தது கோனி ஐலண்டில். கடற்கரையும் ராட்டினங்களும் தின்பண்டக் கடைகளுமாக, ஊரார் பொழுதுபோக்க வந்து குவியும் இடம் அது. திருவிழாக் கடைகளுக்குப் பின்புறம் குடியிருப்பவர்களின் பாடு எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியாததல்ல. ஏழை யூதக் குடும்பம், நிம்மதியில்லாத வீடு. சின்ன வயதிலேயே கிடைத்த வேலைகளைச் செய்து காசு சம்பாதித்தார். பருவ வயதில் 'அப்பாச்சிகள்' என்ற தெருக் கும்பலுக்குத் தலைவியாக இருந்தார். சகோதரனின் பளுக்களை எடுத்துத் தூக்கிப் பழகினார். உடம்பில் வலு இருந்தது. அதைக் கொண்டுபோய்ச் செலுத்த நல்ல வழிதான் இல்லை.

1955இல் நண்பர் ஒருவர் தான் கற்றுவந்த ஜூடோப் பிடி ஒன்றை அவரிடம் செய்துகாட்டினார். வழி கிடைத்துவிட்டது. ஜூடோ அவருக்குச் சண்டை போடக் கற்றுத்தரவில்லை, அது ஏற்கெனவே தெரியும். மனத்தை அடக்கக் கற்றுத்தந்தது. பின்னாளில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னதும் அதைத்தான். ஜூடோவை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விளங்காது. ஓரளவாவது மெத்தையில் புரண்டிருந்தால் விளங்கும்.

நான் மூன்று வருடம் புரண்டிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளியில் தேங்காய் நார் திணித்த மெத்தைகளை வரிசையாகப் போட்டு, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருப்பார்கள். மழைக்காலத்தில் நார் நனைந்து வரும் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. முதல் இரண்டு மாதம் மாஸ்டர் எங்களுக்கு யாரையும் தூக்கிப்போடச் சொல்லித்தரவில்லை. விழத்தான் சொல்லித்தந்தார். மோவாயை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முதுகை வளைக்க வேண்டும். உடம்பு தரையில் படுகிற அதே நொடியில் உள்ளங்கையிலிருந்து தோள்வரை முழுக் கையாலும் மெத்தையை ஓங்கி அறைய வேண்டும். அறைந்தால் விழுந்த வேகம் கை வழியாகத் தரைக்குப் போய்விடும், தலையும் முதுகும் தப்பும். பயந்துபோய்க் கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். நாளுக்கு நூறு முறை விழுவோம். நூறு பிள்ளைகளின் கை மெத்தையை அறையும் சத்தம் தெருவரை கேட்கும்.

பதினான்கு வயதில் என்னை நிறுத்திவிட்டார்கள். காரணத்தை நம் ஊரில் பிறந்த பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. பாட்டி என் ஜூடோ உடையைத் துவைத்து, மடித்து, பரணில் ஏற்றிவைத்தார். அதோடு முடிந்தது. ரஸ்டியின் கதையை வருடங்கள் கழித்து முதன்முதலில் படித்தபோது, அந்த மடித்த வெள்ளை உடைதான் என் கண்முன் வந்து நின்றது.

1959ஆம் ஆண்டு. நியூயார்க் மாநிலத்தின் உட்டிகா நகரில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் மாநில ஜூடோ போட்டி. பெண்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று விதியில் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவை வரும் என்றே யாரும் நினைத்திருக்கவில்லை. ரஸ்டி தன் அணியில் மாற்று ஆளாக இருந்தார். ஆட வேண்டிய ஒருவருக்கு அடிபட்டுவிட, ரஸ்டி அவர் இடத்தில் இறங்கினார். முடியை ஆண்களைப் போல் ஒட்ட வெட்டியிருந்தார். மார்பை இழுத்துக் கட்டி மறைத்திருந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆண் வேடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஓடிவிடலாம், யாரும் தொட மாட்டார்கள். ஜூடோ அப்படியல்ல. ஆட்டம் தொடங்கியதும் எதிராளியின் கை முதலில் வந்து பற்றுவது உங்கள் சட்டையின் மார்புப் பக்கத்தைத்தான். அந்தப் பிடியை வைத்துத்தான் இழுப்பதும் தள்ளுவதும் தூக்கிப்போடுவதும். சட்டை அவிழ்ந்து தொங்குவது சாதாரணம். இன்றைக்குப் பெண்கள் உள்ளே வெள்ளை டி-ஷர்ட் போட்டுக்கொள்கிறார்கள், அது விதியே. ஆண்கள் உள்ளே எதுவும் போடுவதில்லை. இத்தனைக்கும் நடுவில், மூச்சு முழுதாக இழுக்க முடியாதபடி மார்பைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் ஆணோடு மோதினார் என்றால், அந்தச் சில நிமிடங்களை அவர் எப்படிக் கடந்திருப்பார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. கால் சுளுக்கிக்கொண்டு கிரேப் பேண்டேஜ் சுற்றிய நாட்களில் அந்த இறுக்கத்தைத் தொட்டுப் பார்த்து அவரை நினைத்திருக்கிறேன்.

அவர் ஜெயித்தார். அணியும் ஜெயித்தது. பதக்கமும் கைக்கு வந்தது. அதன் பிறகுதான் போட்டி நடத்தியவர் அவரிடம் கேட்டார், நீ பெண்ணா என்று. ரஸ்டி ஆமாம் என்று தலையசைத்தார். பதக்கத்தை வாங்கிக்கொண்டார்கள்.

பஸ்ஸில் என் அக்கா மகள் விழித்திருந்தவரை கேட்ட ஒரே கேள்வி இங்கேதான் வந்தது. "தோற்றிருந்தால் கேட்டிருப்பார்களா சித்தி?" நான் இத்தனை வருடம் இந்தக் கதையைச் சுமந்துகொண்டு திரிகிறேன், எனக்கு இப்படிக் கேட்கத் தோன்றவில்லை. தோற்ற ஒருத்தரை அழைத்து ஆணா பெண்ணா என்று விசாரிக்க யாருக்கு என்ன அவசியம்?

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பதக்கம் அவரிடமே இருந்திருக்கலாம். அதை வீட்டில் ஒளித்துவைத்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. இனி எந்தப் பெண்ணுக்கும் இந்த நிலை வரக் கூடாது என்று அன்றைக்குத்தான் தனக்குள் பதிந்தது என்று ஐம்பது வருடம் கழித்து அவரே சொன்னார்.

1962இல் ஜப்பானுக்குப் போனார். டோக்கியோவில் இருக்கும் கோடோக்கன்தான் ஜூடோவின் தாய்வீடு. 1882இல் ஜிகோரோ கானோ தொடங்கியது. 1926இல் அங்கே பெண்கள் பிரிவு வந்துவிட்டது. ஆனால் பெண்கள் போட்டியில் மோதக் கூடாது. அழகாக, ஒழுங்காக, வரையறுத்த அசைவுகளைப் பழகலாம். கானோவின் குருவான ஃபுகுதா ஹச்சினோசுகேயின் பேத்தி கெய்கோ ஃபுகுதா 1935இல் அந்தப் பிரிவில் சேர்ந்தார். ஐந்தடிகூட இல்லாத அந்தப் பெண், 1953இல் ஐந்தாம் டான் (டான் என்பது கறுப்புப் பட்டைக்காரர்களின் தகுதிப் படி) வாங்கியவர், இருபது வருட அளவில் அதே படியில் நிறுத்திவைக்கப்பட்டார். பெண்ணுக்கு அதற்கு மேல் படி கிடையாது என்பதுதான் காரணம். எழுதி முறையிட்ட பிறகு 1970களில்தான் ஆறாவது கிடைத்தது. அவரைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் எழுத வேண்டும்.

பெண்கள் பிரிவில் ரஸ்டிக்கு ஈடுகொடுக்க ஆளில்லை. கொஞ்ச நாளிலேயே அவரை ஆண்கள் பயிலும் பெரிய கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஆண்களோடு பயில அனுமதி பெற்ற முதல் பெண் அவர்தான். அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்த இடத்தில் வந்து உருகுவார்கள். எனக்கு அவ்வளவு உருகத் தோன்றவில்லை. ஒரு பெண்ணுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு மற்றவர்களை வெளியே நிறுத்துவது சுலபம். அவள் விதிவிலக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ரஸ்டியை நான் கொண்டாடுவது அவர் அந்த விதிவிலக்கில் குளிர்காய்ந்துவிடவில்லை என்பதற்காக.

கோடோக்கனில்தான் ரியோஹெய் கனோகோகியைச் சந்தித்தார். அவரும் ஜூடோக்காரர். 1964இல் நியூயார்க்கில் கல்யாணம். அதே வருடம் ஜூடோ முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்தது. டோக்கியோவில் அதற்கென்றே கட்டிய நிப்பான் புடோகான் அரங்கில் நெதர்லாந்தின் அன்டன் கீசிங்க், ஜப்பானின் அகியோ கமினாகாவைத் தரையில் அழுத்திப் பிடித்து வென்று அரங்கத்தையே மௌனமாக்கினார். அந்த ஒலிம்பிக்கில் கெய்கோ ஃபுகுதாவும் மெத்தைக்கு வந்தார். அசைவுகளைச் செய்துகாட்டுவதற்கு. மோதுவதற்கு ஒரு பெண்கூட அழைக்கப்படவில்லை.

அடுத்த பதினைந்து வருடம் ரஸ்டி புரூக்ளினில் கணவரோடு சேர்ந்து ஜூடோ கற்றுக்கொடுத்தார், பெண்களைத் திரட்டினார், கடிதம் எழுதினார், கூட்டங்களில் போய்ச் சண்டை போட்டார். ஒலிம்பிக் வாசலில் போய் நின்றால் ஒரே பதில்தான் கிடைக்கும். பெண்கள் ஜூடோவுக்கு உலகப் போட்டி இருக்கிறதா? போதுமான நாடுகளில் ஆடுகிறார்களா? இல்லையென்றால் பேச்சில்லை. ஆண்களுக்கு 1956இலேயே டோக்கியோவில் உலகப் போட்டி வந்துவிட்டது. பெண்களுக்கு நடத்த யாரும் முன்வரவில்லை. ஜப்பானிலேயே பெண்களுக்கான தேசியப் போட்டி 1978இல்தான் தொடங்கியது.

யாரும் நடத்தாவிட்டால் நான் நடத்துகிறேன் என்று ரஸ்டி இறங்கினார். அரசாங்கம் இல்லை, பெரிய முதலாளி இல்லை. பணம் போதவில்லை. வீட்டை அடமானம் வைத்தார்.

நம் குடும்பங்களில் வீட்டுப் பத்திரம் எப்போது பெட்டியை விட்டு வெளியே வரும்? மகள் கல்யாணம், மகன் படிப்பு, ஆஸ்பத்திரிச் செலவு. பத்திரத்தைக் கையில் எடுக்கும்போது வீட்டில் ஒரு சாவுக்களை படிந்திருக்கும். அப்பா ஒருமுறை அப்படிப் பத்திரத்தை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். அம்மா வாசலில் நின்று அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனும் பிள்ளைகளும் குடியிருக்கும் வீட்டை, தனக்கு முன்பின் தெரியாத வெளிநாட்டுப் பெண்கள் வந்து மோதுவதற்காக ஒருவர் அடகு வைத்திருக்கிறார். ரியோஹெய் உடன் நின்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ரஸ்டியின் வாழ்க்கையில் எது பெரிய வெற்றி என்று கேட்டால் நான் உட்டிகாவைச் சொல்ல மாட்டேன், கோடோக்கனைச் சொல்ல மாட்டேன். அந்த அடமானப் பத்திரத்தில் போட்ட கையெழுத்தைத்தான் சொல்வேன்.

1980 நவம்பர் 29, 30. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் வளாகத்தில் உள்ள ஃபெல்ட் ஃபோரம் அரங்கில் பெண்களுக்கான முதல் உலக ஜூடோ போட்டி நடந்தது. எட்டுப் பிரிவுகள். 48 கிலோவில் பிரிட்டனின் ஜேன் பிரிட்ஜ் தங்கம் வாங்கினார். சின்ன நாடான ஆஸ்திரியா மூன்று தங்கத்தை அள்ளிக்கொண்டு போனது. எடை வரம்பில்லாத பிரிவில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பத்தொன்பது வயது இங்கிரிட் பெர்க்மான்ஸ் ஜெயித்தார். இதையும் சேர்த்து மொத்தம் ஆறு உலகப் பட்டங்கள் வாங்கியவர் அவர். 52 கிலோவில் வெள்ளி வாங்கிய ஜப்பானியச் சிறுமி கவோரி யமகுச்சிக்கு அப்போது பதினைந்து வயது. நான்கு வருடம் கழித்து வியன்னாவில் ஜப்பானின் முதல் பெண் உலக சாம்பியன் ஆனார். தாய்வீட்டுப் பெண்ணுக்கே உலக மேடை கிடைத்தது புரூக்ளின்காரி ஒருத்தி கடன் வாங்கிப் போட்ட பந்தலில்தான்.

ரஸ்டி அங்கே ஆடவில்லை. வயது நாற்பத்தைந்து ஆகிவிட்டது. ஆடும் வயதில் அவருக்கு ஆட இடமில்லை. இடம் உண்டானபோது வயது கடந்துவிட்டது. இதை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது.

உலகப் போட்டி நடந்த பிறகும் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ சேர்க்கப்படவில்லை. சொந்த நாட்டிலேயே. ஒலிம்பிக் குழுவின் மேல் வழக்குத் தொடுப்பேன் என்று ரஸ்டி எச்சரித்தார். 1988 சோல் ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக இடம் கொடுத்தார்கள். அதாவது ஆடலாம், ஆனால் வாங்கும் பதக்கம் நாட்டின் கணக்கில் ஏறாது. அமெரிக்கப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராகப் போனவர் ரஸ்டி. லின் ரோத்கே வெள்ளியும் மார்கரெட் காஸ்ட்ரோ வெண்கலமும் வாங்கினார்கள்.

1992 பார்சிலோனாவில்தான் முழு உரிமை வந்தது. முதல் நாள், கனத்த எடைப் பிரிவில், சீனாவின் சுவாங் சியாவோயான் பெண்கள் ஜூடோவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கினார். ஜூலை 30 அன்று 61 கிலோ பிரிவு. இஸ்ரேலின் யாயெல் அராட் வெள்ளி வாங்கினார். அந்த நாடு ஒலிம்பிக்கில் வாங்கிய முதல் பதக்கமே அதுதான். அன்றைக்கு ரஸ்டியின் ஐம்பத்தேழாவது பிறந்தநாள். இதை யாரும் திட்டமிட்டு வைத்திருக்க முடியாது, தானாக அமைந்திருக்கிறது.

அந்த ஜூலையில் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரில் ஒலிம்பிக் பக்கத்தைப் புரட்டாமல் இருந்திருக்க மாட்டேன். ஆனால் ஜூடோவில் பெண்கள் ஆடினார்கள் என்பது எனக்கு நினைவே இல்லை. பரணில் ஏற்றிய பொருளை நானும் மறந்துபோயிருந்தேன்.

2008இல் ஜப்பானிய அரசு ரஸ்டிக்கு உதய சூரியன் விருதைக் கொடுத்தது. ஏழாம் டான்வரை உயர்ந்திருந்தார். 2009 ஆகஸ்டில் நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ. அவரைப் புரூக்ளினில் ஒரு விழாவுக்கு அழைத்துத் தங்கப் பதக்கம் ஒன்றைக் கழுத்தில் போட்டது. 1959இல் உட்டிகாவில் பறித்ததற்கு ஈடாக. அப்போது அவருக்கு எழுபத்து நான்கு வயது, இரத்தப் புற்றுநோய் முற்றியிருந்தது. அந்தப் பதக்கம் மூன்று மாதம் அவரிடம் இருந்தது. நவம்பர் 21 அன்று காலமானார்.

ஐம்பது வருடம் தாமதமாக வந்த பதக்கத்தால் என்ன பயன் என்று ஒரு தோழி என்னிடம் கேட்டாள். எனக்கு அவளோடு உடன்பாடில்லை. பறித்தவர்கள் பறித்தோம் என்று ஊரறிய ஒப்புக்கொள்வது லேசான காரியமில்லை. பெற்றுக்கொள்ள அவர் உயிரோடு இருந்தார் என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

இன்னொன்றைப் பார்க்கத்தான் அவர் இல்லை. 2021 ஜூலை 31, டோக்கியோ ஒலிம்பிக், அதே புடோகான் அரங்கம். ஜூடோவில் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக நடந்தது. ஒவ்வொரு அணியிலும் மூன்று ஆண்கள், மூன்று பெண்கள். இறுதியில் பிரான்ஸ் ஜப்பானைத் தோற்கடித்தது. மேடையில் ஆணும் பெண்ணும் தோளோடு தோள் உரச நின்று ஒரே பதக்கத்தை வாங்கிக்கொண்டார்கள். உட்டிகாவில் ரஸ்டி வாங்கியதும் ஆண்களோடு சேர்ந்து ஜெயித்த அணிப் பதக்கம்தான். நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன்.

என் அக்கா மகளின் அறையில் ஒட்டியிருப்பது லிந்தோய் சனம்பமின் படம். 2022இல் சரயேவோவில் நடந்த உலக இளையோர் போட்டியில் 57 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய மணிப்பூர்ப் பெண். உலக ஜூடோ போட்டிகளில் எந்த வயதுப் பிரிவிலும் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். ரஸ்டியின் படத்தையும் பக்கத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். இடம் பார்க்கிறேன் என்றாள்.

மாவட்டப் போட்டியில் அவள் இரண்டாவது சுற்றில் தோற்றுப்போனாள். தோற்றதற்கு அழவில்லை. எல்லாம் முடிந்து கூடம் காலியான பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லி என் கையைப் பிடித்து மெத்தைக்கு இழுத்தாள். இப்போதெல்லாம் நார் மெத்தை இல்லை, தார்ப்பாய் இல்லை. வழுக்காத நீலமும் மஞ்சளுமான பாய்கள். "ஒரே ஒரு தடவை விழுந்து காட்டுங்கள் சித்தி" என்றாள். சேலையைச் செருகிக்கொண்டு குந்தினேன். மோவாயை மார்போடு ஒட்டினேன். பின்னால் சாய்ந்தேன். நாற்பது வருடத்துக்குப் பக்கமாகிறது, கை தானாகவே போய் ஓங்கி அறைந்தது. சத்தம் கேட்டு, மேசையை மடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.